உடைந்த பேசின்கள் திரும்பி வந்த மாதம்

நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால் வரிசையாகக் குடோன்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் எனக்கு வேலை. வாஷ்பேசின், குழாய், கழிப்பறைக் கோப்பை என்று குளியலறைச் சாமான்களை மொத்தமாக வாங்கி வைத்து, கட்டிடம் கட்டுகிறவர்களுக்கு அனுப்புகிற இடம். கோவில்பதாகையிலிருந்து ஆவடிக்கு வந்து, அங்கே பூந்தமல்லி பஸ் பிடித்து, பிறகு ஷேர் ஆட்டோவில் போய் இறங்குவேன்.

முதலில் பேக்கிங்கில் இருந்தேன். பேசினைச் சுற்றி வைக்கோலும் அட்டையும் வைத்துக் கட்டும் வேலை. தரையில் வட்டமாக உட்கார்ந்து பெண்கள் எல்லோரும் சேர்ந்து செய்வோம். அவர்கள் நல்லவர்கள். ஆனால் பேசிக்கொண்டே இருப்பார்கள், என்னையும் பேச வைப்பார்கள். வீட்டில் என்ன குழம்பு, வீட்டுக்காரர் ஏன் கோபமாக இருந்தார், பெண்ணுக்கு எப்போது மாப்பிள்ளை பார்க்கப் போகிறாய் என்று கேட்பார்கள். எனக்கு ஒரு பதில் வாய்க்கு வருவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கைவலியைவிட அந்தக் களைப்புதான் அதிகமாக இருக்கும்.

பத்தாம் வகுப்பு முடித்த பிறகு நான் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தேன். அது எப்படியோ முதலாளி காதுக்குப் போய், ஸ்டாக் பார்க்கும் கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்கார வைத்தார். தடுப்புப் போட்ட சின்ன அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, குடோனைப் பார்த்தபடி ஒரு ஜன்னல். சரக்கில் ஏதாவது உடைந்தால் ஜன்னலில் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். நான் பதில் சொல்ல வேண்டியதில்லை, கம்ப்யூட்டரில் போட்டால் போதும். பேக்கிங்கில் இருந்தவர்கள் அதைப் பதவி உயர்வு என்றார்கள். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. பகல் முழுக்க யாரிடமும் பேசாமல் இருக்கலாம் என்பதுதான் எனக்குக் கிடைத்த உயர்வு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

குடோனில் சரக்கை எண்ணுவதற்குக் கையில் பிடிக்கும் ஸ்கேனர்கள் உண்டு. செங்கல்லைவிடக் கொஞ்சம் சிறியது, சின்னத் திரை, கீழே பொத்தான்கள். ரேக்கில் ஒட்டியிருக்கும் பார்கோடு சீட்டின் மேல் காட்டினால் சிவப்பு வெளிச்சம் வந்து கீச்சென்று கத்தும். எத்தனை இருக்கிறது என்று தட்டிக்கொண்டே போக வேண்டும். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஸ்கேனரைக் கொண்டுவந்து என் மேசையிலுள்ள ஸ்டாண்டில் செருகினால், அதிலிருக்கும் கணக்கும் கம்ப்யூட்டரிலிருக்கும் கணக்கும் ஒன்றாகிவிடும்.

பழைய கம்ப்யூட்டர் ஒரு மழைநாளில் புகைந்து நின்றுபோனது. புதிதாக வாங்கியது அந்த ஸ்கேனர்களை அடையாளமே காணவில்லை. ஸ்கேனரோடு கொடுத்த பழைய சாஃப்ட்வேர் புதிய கம்ப்யூட்டரில் ஏறாது என்றார்கள். அதை விற்ற கம்பெனியே இப்போது இல்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொன்னார்கள். முதலாளி அதற்கெல்லாம் ஒத்துக்கொள்கிறவர் அல்ல. அவர் நூம்பலில் இருக்கிறார். அவர் ஃபிளாட்டுக்கு மேல் வீட்டில் ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒருவர் குடியிருந்தார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும். முதலாளி அவரை ஒரு சனிக்கிழமை தம் காரிலேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அவர் ஸ்கேனரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் இருந்த எண்ணைத் தன் லேப்டாப்பில் போட்டுத் தேடினார். கொஞ்ச நேரத்தில் முகம் மலர்ந்தது.

"இந்த ஸ்கேனரோட பேசுறதுக்கு ஒருத்தர் ஏற்கெனவே புரோகிராம் எழுதி வச்சிருக்காருக்கா. எந்த நாட்டுக்காரரோ தெரியல. சும்மா எடுத்துக்கிடலாம்."

எனக்குக் கேட்க வேண்டும்போல இருந்தது. அவர் ஒருவர்தான் அறையில் இருந்ததால் கேட்டேன். "சும்மாவா? ஏன் சும்மா குடுக்குறாங்க?"

"அவருக்கு ஒரு தேவைன்னு எழுதிருப்பாரு. எழுதுனதப் பூட்டி வச்சு என்ன செய்யன்னு வெளிய வச்சிட்டாரு. எழுதுனவர் பேர மட்டும் அழிக்கக் கூடாது. வேற ஒண்ணும் கேக்கல."

எங்கள் தெருவில் தைக்கிறவர்கள் அளவு ரவிக்கையை வைத்து முதலில் காகிதத்தில் வெட்டுவார்கள். ஒருத்திக்கு வெட்டிய காகிதத்தை இன்னொருத்தி வாங்கிக்கொண்டு போய், தன் உடம்புக்கு ஏற்றமாதிரி இங்கே பிடித்து அங்கே விட்டுத் தைத்துக்கொள்வாள். அப்படித்தான் இதுவும் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மூன்று சனிக்கிழமை வந்து அவர் அந்த வேலையை முடித்தார். ஸ்கேனரை ஸ்டாண்டில் வைத்ததும் திரையில் பச்சையாக ஒரு கோடு ஓடி, கணக்குகள் ஒன்றாயின. போகும்போது எனக்கு ஒன்று விளக்கினார். ஒரே சாமானுக்கு ஸ்கேனரில் ஒரு எண்ணிக்கையும் கம்ப்யூட்டரில் வேறு எண்ணிக்கையும் இருந்தால், எது கடைசியாகப் போட்டதோ அதுதான் நிற்கும். முந்தியது போய்விடும். நியாயமாகத்தான் பட்டது.

தீபாவளி வரைக்கும் எல்லாம் நன்றாக இருந்தது.

விடுமுறை முடிந்து வந்தபோது ஸ்கேனர்கள் சார்ஜ் இறங்கிக் கிடந்தன. திரும்பச் சார்ஜ் ஏற்றி வேலையை ஆரம்பித்தோம். அந்த வாரம் முதல், உடைந்த பேசின்கள் திரும்பி வர ஆரம்பித்தன.

உடைவது எங்கள் இடத்தில் தினம் நடப்பது. பீங்கான்தானே. ரேக்கை எண்ணி முடித்ததும் அதிலிருந்து லாரிக்கு இறக்குவார்கள். அப்போதுதான் கை நழுவும். ரேக் எண்ணுகிற ஆள் ஒருவர் உண்டு, பூந்தமல்லிக்காரர், எனக்குத் தம்பி வயது. உடைந்த சத்தம் அடங்குவதற்குள் ஜன்னலுக்கு வந்துவிடுவார்.

"யக்கா, ஐவரி கலர் பேசினு ஒண்ணு பூட்ச்சு! நான் இல்ல, லோடுமேன் கையி. எய்திக்கோ."

நான் உடனே கம்ப்யூட்டரில் ஒன்றைக் குறைப்பேன். பிறகு செய்யலாம் என்று வைப்பது என் பழக்கமில்லை. வைத்தால் மறந்துவிடுவேன், மறந்தால் யாராவது வந்து கேட்பார்கள், கேட்டால் பேச வேண்டும். ஆனால் நான் குறைத்தது மறுநாள் பார்த்தால் குறையாமல் இருந்தது. முதலில் நான்தான் வேறு சாமானில் குறைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். பிறகு குறைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். சில நாள் நின்றது. சில நாள் நிற்கவில்லை. எதற்காக நிற்கிறது, எதற்காக நிற்கவில்லை என்று பிடிபடவில்லை. சொல்லலாமா என்று யோசித்தேன். படித்தவர் எழுதிய வேலையில் குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

திருவேற்காட்டில் ஒரு பெரிய அடுக்குமாடிக்கு ஐவரி பேசின்கள் கேட்டிருந்தார்கள். முதலாளி கம்ப்யூட்டரைப் பார்க்கச் சொன்னார். இருந்தது. லாரி வந்தது. ரேக்கில் போய்ப் பார்த்தால் பாதிதான் இருந்தது. மீதி எல்லாம் பின்பக்கச் சுவரோரம் ஓட்டாஞ்சில்லாகக் கிடந்தது.

சாயங்காலம் முதலாளி நேரில் வந்தார். கத்துகிறவர் அல்ல. அதுதான் கஷ்டம்.

"இந்தாம்மா, சிஸ்டத்துல இருக்குன்னு சொன்னதாலதானே நான் வார்த்தை குடுத்தேன்? அங்க பிளம்பர்ங்க எல்லாம் கையக் கட்டிட்டு உக்காந்திருக்காங்க."

"கழிச்சேன் சார்," என்றேன்.

"என்ன?"

நான் திரும்பச் சொல்லவில்லை. ஒருமுறை சொன்னது காதில் விழவில்லை என்றால், இரண்டாம் முறை சொல்வதற்கு எனக்கு வேறு ஓர் உடம்பு வேண்டும். அவர் ஜன்னல் வழியாகக் குடோனைப் பார்த்தார். பிறகு, "டிகிரி முடிச்ச பொண்ணு ஒண்ணு வேலை கேட்டுட்டு இருக்கு. திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள இது சரியாகலைன்னா நீங்க மறுபடியும் பேக்கிங்குக்கே போயிடுங்க. வேலை போகாது, பயப்படாதீங்க," என்றார்.

வேலை போகாது என்பதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

குடோன் சூப்பர்வைசர் பக்கத்திலேயே நின்றிருந்தார். அந்த ஊர்க்காரர். குடோன் நிற்கும் மனையே ஒரு காலத்தில் அவர் பங்காளிகளின் நிலம். இப்போது அதற்குள் சாவிக்கொத்தோடு நடக்கிறார். அதைப்பற்றி அவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. நெல்லைவிடப் பீங்கான் தேவலாம், தண்ணி பாய்ச்ச வேணாம் என்பார். முதலாளி போனதும் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒடஞ்சதெல்லாம் ஒட்டிக்கினு வருதாமே? எங்க ஊட்டுக்கு ஒரு நாள் வா. எங்கூட்டம்மா ஒடச்ச தட்டு நெறைய கீது."

ரேக் எண்ணுகிறவர் பின்னாலிருந்து, "யண்ணாத்தே, உன் தலைல முடி கூட கொட்டிப்போச்சு. அக்காவாண்ட சொல்லு, கம்ப்யூட்டர்ல தட்டிச்சினா திரும்பி மொளச்சிரும்," என்றார்.

இருவரும் சிரித்தார்கள். கேலிதான், வேறொன்றும் இல்லை. நானும் சிரித்ததாகத்தான் நினைவு. அன்றைக்கு பஸ்ஸில் ஆவடி வரும்வரை பேக்கிங்கில் எந்த இடத்தில் உட்காரலாம் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு பக்கமாவது யாரும் இருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை திருநெல்வேலிக்காரர் வந்தார். முதலாளி எல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார். அவர் முகத்தில் கோபமில்லை, கொஞ்சம் தர்மசங்கடம்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் எதையோ திறந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, தப்பா நினைக்காதீய. நீங்க கழிச்சதா இதுல எங்கயுமே இல்ல."

"கழிச்சேன்."

இம்முறை அவருக்குக் கேட்டது. ஏன் என்று தெரியவில்லை, அவரிடம் மட்டும் என் குரல் கொஞ்சம் எழும்பும். பதிலுக்கு அவசரப்படுத்த மாட்டார் என்பதாலிருக்கலாம்.

"சரி, என் கண்ணு முன்னாலயே ஒருக்க செஞ்சு காட்டுங்க," என்றார்.

ரேக் எண்ணுகிறவரைக் கூப்பிட்டார்கள். அவர் போய் ஒரு வரிசை வெள்ளை பேசின்களை ஸ்கேனரில் எண்ணிவிட்டு வந்தார். "இன்னா சார், நெசமா ஒண்ண ஒடைக்கட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்றோம். உடைந்ததாக வைத்துக்கொண்டு நான் கம்ப்யூட்டரில் ஒன்றைக் குறைத்தேன். திருநெல்வேலிக்காரர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். பிறகு அவரே ஸ்கேனரை வாங்கி ஸ்டாண்டில் வைத்தார். பச்சைக் கோடு ஓடியது. நான் குறைத்தது திரும்பக் கூடியிருந்தது.

திருநெல்வேலிக்காரர் திரையருகே இன்னும் குனிந்தார்.

"ஏ, ஆமா," என்றார் அவர்.

எனக்குப் பெரிய சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. நான் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு முன்பே தெரியும். ஆனால் இதைப் பார்த்த இன்னொரு ஜோடிக் கண்கள் இப்போது இருந்தன. அது போதும்போல இருந்தது.

அவர் லேப்டாப்பைத் திறந்து, அந்த யாரோ ஒருவர் எழுதிவைத்ததை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். எடுத்தபோது முழுக்கப் படிக்கவில்லை என்று அவராகவே முணுமுணுத்தார். வேலை செய்தது, அதனால் விட்டுவிட்டாராம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். நான் என் வேலையைப் பார்த்தேன். நடுவில் எழுந்து வெளியே போய் வந்தார், தலையைச் சொறிந்துகொண்டார், திரும்ப உட்கார்ந்தார். கடைசியாகப் போட்டது எதுவோ அதுதான் நிக்கணும், நிக்கலியே, நீங்கதானே கடைசியாப் போட்டீங்க என்று என்னிடமே கேட்டார். ஆமாம் என்றேன்.

அப்போது சூப்பர்வைசர் கதவைத் தட்டினார்.

"நைனா, மணி ஒண்ணாவுது. வந்து சோறு துண்ணுட்டு அப்பறமா மண்டைய ஒடச்சிக்கோ. எல்லாமே ஒடையிற எடம்தான் இது."

திருநெல்வேலிக்காரர் தன் கைபேசியைப் பார்த்தார். கம்ப்யூட்டரின் மூலையில் இருந்த நேரத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாகக் குடோன் வாசலுக்கு மேலே மாட்டியிருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, அந்தக் கடிகாரம் ஃபாஸ்டா ஓடுதோ?"

"ஓடல. வச்சிக்கீறோம்," என்றார் சூப்பர்வைசர். "கால் அவரு முன்னாடி. கரீட்டா வச்சா இவனுங்க எவனாவது லாரிய டைமுக்கு எடுப்பானா? காலைல டவுனுக்குள்ள லாரிய உடுற டைம் தாண்டிச்சினா போலீஸ்காரன் ஓரங்கட்டிருவான். அப்பறம் மதியானம் வரைக்கும் ரோட்லயே குந்திகினு இருக்கணும். எங்க ஊட்லயும் அப்டித்தான், பசங்க ஸ்கூலு வேன் உட்ருவானுங்கன்னு. ஒங்க ஊட்ல எப்டி?"

திருநெல்வேலிக்காரர் ஸ்டாண்டின் பக்கம் திரும்பினார். ஸ்கேனரை எடுத்து அதிலிருந்த நேரத்தைப் பார்த்தார். அதுவும் கடிகாரத்தோடு சேர்ந்து கால் மணி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுல டைம் யாரு வச்சா?"

"நாந்தான் சார்," என்றார் ரேக் எண்ணுகிறவர். "தீபாளிக்கு அப்பறம் சார்ஜி போட்டா, டைம் இன்னான்னு கேட்டுச்சு. வாட்சு கட்ற பயக்கம் இல்ல. அதப் பாத்து வச்சிட்டேன்."

திருநெல்வேலிக்காரர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு எனக்காக நிதானமாகச் சொன்னார். ரேக்கை எண்ணுவது முதலில் நடக்கிறது. உடைவது அதற்கு ஐந்து பத்து நிமிடம் கழித்து. நான் குறைப்பது அதற்கும் பிறகு. ஆனால் ஸ்கேனர் தன் எண்ணிக்கையின் மேல் கால் மணி கூட்டி நேரம் போட்டுக்கொள்கிறது. கம்ப்யூட்டரோ சரியான நேரத்தைப் போடுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஸ்கேனரில் போட்டதுதான் கடைசியாகத் தெரியும். அதனால் என்னுடையதைத் தள்ளிவிட்டு அது நிற்கிறது.

"நீங்க அரை மணி நேரம் கழிச்சு, சாவகாசமா போட்டிருந்தா நின்னிருக்கும்கா," என்றார். "உடனே உடனே போட்டதாலதான் போச்சு."

இதைக் கேட்டு சூப்பர்வைசருக்கு அடக்க முடியாத சிரிப்பு. "பாத்தியாம்மா, வேலைய ஒயுங்கா செஞ்சா இதான் கதி. என்னப் பாரு."

எனக்கு அப்போது ஒன்று தோன்றியது. என் மேசையில் உட்கார்ந்தால் கம்ப்யூட்டரின் நேரமும் தெரியும், வாசல் கடிகாரத்தின் நேரமும் தெரியும். இத்தனை வருடம் இரண்டையும் தினம் பார்த்திருக்கிறேன். எது பொய் என்று குடோனில் எல்லோருக்கும் தெரியும். கடிகாரத்தைப் பார்த்ததும் எங்கள் மனமே கால் மணியைக் கழித்துவிடும். கழிக்கிறோம் என்பதுகூட நினைவிருக்காது. ஸ்கேனருக்குக் கழிக்கத் தெரியாது. எழுதிய அந்த மனிதருக்கும், வேண்டுமென்றே தப்பாகக் கடிகாரம் வைக்கிற ஊர் இருக்கும் என்று தோன்றியிருக்காது.

கடிகாரத்தைச் சரியாக வைத்துவிடலாமே என்று திருநெல்வேலிக்காரர் கேட்டார். சூப்பர்வைசர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "அத மட்டும் தொடாத நைனா. அது இந்த குடோனுக்கு உசுரு. நீ உன் பொட்டிய மாத்திக்கோ." வாதாடிப் பார்த்துவிட்டு அவர் தன் பெட்டியையே மாற்றினார். ஸ்கேனரை ஸ்டாண்டில் வைத்ததும் கம்ப்யூட்டர் முதலில் அதனிடம் மணி என்ன என்று கேட்கும். எவ்வளவு முன்னால் ஓடுகிறது என்று பார்த்து, அதை எல்லாக் கணக்கிலும் கழித்துவிட்டுத்தான் மற்றதைச் செய்யும். நாங்கள் மனதில் செய்வதுதான். அதை எழுதிச் சரிபார்க்க அன்று சாயங்காலமாகிவிட்டது. மூன்று முறை பொய்யாக உடைத்துப் பார்த்தோம். மூன்று முறையும் நான் குறைத்தது நின்றது.

அவர் அங்கிருந்தபடியே முதலாளிக்குப் போன் செய்தார். "சார், அக்கா மேல தப்பு இல்ல. நான்தான் படிக்காம எடுத்துப் போட்டுட்டேன்." அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று தெரியாது. "சரி சார், சரி சார்," என்று மட்டும் கேட்டது. முதலாளி அதைப்பற்றி என்னிடம் ஒன்றும் பேசவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பேசியிருந்தால் என்ன சொல்வதென்று எனக்குத் தெரிந்திருக்காது.

இரண்டு வாரம் கழித்து வேறு ஏதோ பார்க்க வந்தபோது, தான் செய்த மாற்றத்தை அந்தப் புரோகிராமை முதலில் எழுதிய மனிதருக்கே திருப்பி அனுப்பிவிட்டதாகத் திருநெல்வேலிக்காரர் சொன்னார். எடுத்ததைச் சரிசெய்தால் திருப்பிக் கொடுப்பது மரியாதையாம். அவரும் வாங்கிக்கொண்டு நன்றி எழுதியிருந்தார். கூடவே ஒரு கேள்வி. கடிகாரத்தை ஏன் முன்னால் வைக்கிறார்கள்?

"என்னன்னு எழுதக்கா?" என்று என்னைக் கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். லாரி, போலீஸ், ஸ்கூல் வேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லலாம். ஆனால் முன்னால் வைத்திருப்பது எல்லோருக்கும் தெரிந்த பிறகும் அது எப்படி எங்களை அவசரப்படுத்துகிறது என்று கேட்டால், என்னால் சொல்ல முடியாது. "தெரியலப்பா," என்றேன். அவர் ஏதோ எழுதி அனுப்பினார்.

திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்த பெண், கணக்கு சரியான அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமையே வந்துவிட்டிருந்தாள். வரச் சொல்லிவிட்டுத் திருப்பி அனுப்ப முதலாளிக்கு மனமில்லை, பில் போடுவதற்கு வைத்துக்கொண்டார். பில் போட வேறு இடமில்லாததால் என் அறையிலேயே இன்னொரு மேசை போட்டார்கள். என் மேசையைச் சுவரோரமாகத் தள்ளினார்கள். ஜன்னல் இருவருக்கும் பொதுவானது. அயப்பாக்கத்திலிருந்து வருகிறாள், நல்ல பெண், நன்றாகப் படித்தவள். காலையில் வந்து பையை வைத்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறாள். அக்கா என்ன குழம்பு, அக்கா இந்தப் புடவை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பாள். பேக்கிங்கில் எட்டுப் பேர் பேசியதை இவள் ஒருத்தியே பேசுகிறாள்.

முதல் நாள் மதியமே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, இந்தக் கடிகாரம் தப்பா ஓடுது. யாருமே பாக்கலையா?"

அவளுக்குப் பதில் வேண்டியிருந்தது. காத்துக்கொண்டிருந்தாள்.

"கழிச்சுக்கோம்மா," என்றேன்.